பின்னணி அளவு

திருச்சி மாவட்டத்தில் காது வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கேட்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலைக்கோட்டை உயரமானது என்று சொன்னால் அது மலைக்கோட்டையின் தற்பெருமை ஆகிவிடாது.

என் போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்று இருக்கிறது. திறந்தால் மேலே டெசிபல் எண் ஓடும். கீழே, வந்துகொண்டிருக்கும் சத்தம் எதனால் ஆனது என்பது வண்ணப் படமாக நகரும். உறுமல் எல்லாம் அடியில், கீச்சு எல்லாம் உச்சியில். மற்றவர்கள் சத்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நான் பிரித்துப் பார்ப்பேன். ஒரு மிக்ஸி ஓடினால் அது யார் வீட்டு மிக்ஸி, ஜாரில் தேங்காயா பொட்டுக்கடலையா என்பது வரை சொல்லியிருக்கிறேன். தவறியதில்லை.

கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. படிப்பு அது, தொழில் கேலி. துறை அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு துண்டுத்தாள் ஒட்டுவேன். பெயர் போடுவதில்லை. எழுதியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ‘ஆண்டு விழா முதன்மை உரையும் தனியார் பேருந்தின் ஏர் ஹாரனும் ஒரே டெசிபல். வித்தியாசம், ஹாரனுக்கு ஒரு கருத்து இருந்தது: விலகு’ என்று ஒருமுறை எழுதினேன். மருத்துவமனை ஒன்றில் அமைதி காக்கவும் என்ற பலகைக்கு அடியில் நின்று அளந்தேன். அங்கே அதிக அளவு காட்டியது, “சத்தம் போடாதீங்கய்யா” என்று வாட்ச்மேன் போட்ட சத்தம்.

இப்படி அலைந்ததில் ஒரு சங்கத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் மேலாளரிடம் போய், ஸ்பீக்கர் எவ்வளவு போகிறது பாருங்கள் என்று போனை நீட்டினேன். அவர் சிரித்த முகத்தோடு, “என்ன சத்தம் தம்பி? எனக்கொண்ணும் கேக்கலையே” என்றார். பொய் என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தில் நான் கேட்டதே அவருக்குக் கேட்டிருக்காது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்காத ஓட்டுநரும் அதே பதிலைத்தான் சொன்னார். அந்த வாரத் துண்டுத்தாளின் தலைப்பு: எனக்கொண்ணும் கேக்கலையே சங்கம். உறுப்பினராவதற்குத் தகுதி: இரண்டு காதும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். துறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அது ஆராய்ச்சி முடிவு.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு மாடியில். மாடியில் இரண்டு போர்ஷன், நடுவில் ஒரே சுவர். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில், அம்மா எடமலைப்பட்டி புதூரில் ஒரு பள்ளியில் டீச்சர். பகலில் வீட்டில் நான் மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ரங்கநாயகி அம்மா மட்டும்.

ரங்கநாயகி அம்மாவுக்குக் கொரோனா வந்து போனதில் நுரையீரல் சுருங்கிவிட்டது. மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் அளவில். அது இரவும் பகலும் ஊம் என்று ஓடும், நடுநடுவே புஸ் என்று பெருமூச்சு விடும். குழாய் கொஞ்ச நேரம் கழன்றாலே அவர் உதடு நீலமாகிவிடும். கரண்ட் போனால் பக்கத்தில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதைத் திறக்கச் சாவி போட்டுத் திருக வேண்டும். திருகும் பலம் அவர் கையில் இல்லை.

இதையெல்லாம் நான் எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது.

அவருடைய மகள் பானுப்ரியா என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். கடைக்குள் போகும்போதே வேலைக்கு நிற்கும் பெண்களின் போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். எனக்குப் படிப்பு விடுமுறை விட்டதும் பானு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“டேய் அன்பு, வீட்லதானே இருப்ப?”

“இருப்பேங்க்கா. உலகம் எங்கயும் கூப்புடல.”

“கிண்டல் அப்புறம். கரண்ட் போச்சுன்னா ஓடிப்போய் சிலிண்டரைத் தொறந்து மாட்டி விட்ரு. எப்படின்னு காட்றேன். அம்மா உனக்குப் போன் பண்ணும். போன் எடுக்கலன்னா சுவத்துல தட்டும். கத்தல்லாம் அதால முடியாது. கதவு சும்மாதான் சாத்தியிருக்கும்.”

“தட்டுனா கேட்டுரும்க்கா. நம்ம காது அப்படி.”

“அந்த வாயிதான்டா உனக்கு. காது எப்படியோ.”

சுவரில் தட்டினால் நிஜமாகவே கேட்குமா என்று சோதித்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தேவையும் வரவில்லை. கரண்ட் போனால் என் மின்விசிறியும் நிற்கும். தட்டுவதற்கு முன்பே நான் அங்கே இருப்பேன். இரண்டு மூன்று முறை அப்படிப் போய் மாட்டிவிட்டிருக்கிறேன். ஒழுங்காகத்தான் செய்தேன்.

அவரை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்கும். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவர் தேர்தல் ஆட்டோவில் மைக் பிடித்தவர். காலையில் ஒரு கட்சிக்கு, மாலையில் எதிர்க்கட்சிக்கு. “ஆட்டோவும் மைக்கும் அதேதான் தம்பி. கொடிய மட்டும் மாத்துவாங்க. எனக்கு ஒருதடவ மறந்துபோய், நிக்கிறவரையே தோக்கடிங்கன்னு கேட்டுட்டேன்” என்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மெஷின் ஒருமுறை பெருமூச்சு விடக் காத்திருப்பார்.

செயலியை ஒருநாள் காட்டினேன். போனை வாயருகே வைத்துக்கொண்டு, “வாக்காளப் பெருமக்களே” என்றார். எண் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்துகொண்டது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்கம்மா. கடிகாரம் உங்களவிட ஜாஸ்தி.”

“போகட்டும். அதாவது ஓடுதே” என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். வந்தது.

இனி ஆய்வுக்கு வருகிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்: குடியிருப்புகளில் பகல்நேர ஒலி. அமைதியான இடத்துக்கு உதாரணமாக என் அறையையே எடுத்துக்கொண்டேன். செயலி காட்டிய படத்தைக் கொண்டுபோய் புராஜெக்ட் வழிகாட்டி ஸ்தனிஸ்லாஸ் சாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது என்னய்யா, அடியில ரயில் தண்டவாளம் மாதிரி ஒரு கோடு ஓடுது?”

“பக்கத்து வீட்டு மெஷின் சார்.”

“தண்ணி மோட்டாரா?”

“அந்த மாதிரிதான் சார்.”

“அப்ப அத நிறுத்திட்டு ஒருதடவ எடு. சத்தத்தோட மூலத்த நிறுத்திப் பின்னணி அளவு எடுக்காம எந்த மூலத்தப் பத்தியும் பேசக் கூடாது. பின்னணி இல்லாத அளவு ஆராய்ச்சி இல்லப்பா, கிளி ஜோசியம்.”

அவர் சொன்னது சரி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் இருக்கும். ஒரு சத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், அது இல்லாதபோது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அது தண்ணீர் மோட்டார் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

வேறு வழி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லா வழியையும் யோசித்தேன். கொள்ளிடக் கரையில் போய் எடுத்திருக்கலாம். ஆனால் அது கொள்ளிடத்தின் அமைதி, என் அறையுடையது ஆகாது. தானாகக் கரண்ட் போகும்போது எடுத்திருக்கலாம். அப்போது தெருமுனையில் ஜெனரேட்டர் போட்டுவிடுவார்கள், அது இன்னும் பெரிய கோடு. அதோடு, நான் சிலிண்டர் மாட்டப் போய்விடுவேன். ரங்கநாயகி அம்மாவிடமே சொல்லி, சிலிண்டருக்கு மாற்றிவிட்டு எடுத்திருக்கலாம். சம்மதித்திருப்பார். ஆனால் சிலிண்டர் சீறும், உச்சியில் ஒரு படலம் விழும். ஒரு மூலத்தை நிறுத்தி இன்னொரு மூலத்தைத் திறப்பது நடைமுறை அல்ல. இவ்வளவையும் யோசித்த பிறகே முடிவெடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டவன் அல்ல.

அன்று முற்பகல் தெரு நல்ல அமைதியாக இருந்தது. என் அறையில் ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். மேசையில் மடித்த துண்டு, துண்டின் மேல் போன். அளவெடுக்கும்போது யாராவது அழைத்தால் பதிவு கெட்டுவிடும். ஆகவே ஏரோபிளேன் மோடு. இந்தச் செயலி வைத்திருக்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது அதுதான். பிறகு படியிறங்கிப் போய், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டியில் அவர்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையை உருவி, பெட்டியின் மேலேயே வைத்தேன். எங்கேயாவது போட்டுவிட்டுத் தேடக் கூடாது அல்லவா. மேலே வந்து பதிவு பொத்தானை அழுத்தினேன்.

அடிக்கோடு மறைந்துவிட்டது. அதற்குப் பதில் உச்சியில் புள்ளி புள்ளியாக ஒரு மஞ்சள் வரிசை. கரண்ட் நின்றால் மெஷின் தானாகக் கத்தும். அதுவும் மூலத்தின் பகுதிதான் என்பதால் காத்திருந்தேன். அதற்குள் இருக்கும் பேட்டரி பழையது. சுருதி இறங்கி இறங்கி, ஒரு பூனைக்குட்டி மாதிரி ஆகி, நின்றுவிட்டது. சுருதி இறங்குவதைச் செயலி சாய்வான கோடாகக் காட்டியது. நேர்த்தியான செயலி.

அப்புறம் சுவரில் தட்டினார்.

தட்டுகிற சத்தம் ஒரு விசேஷமான பொருள். அதற்கென்று தனியாக ஒரு சுருதி கிடையாது. எல்லாச் சுருதியும் ஒரே கணத்தில் எழுந்து அடங்கும். திரையில் அது அடியிலிருந்து உச்சி வரை ஒரு வெள்ளைக் கம்பியாக விழும். எவர்சில்வர் டம்ளர், விளிம்பால் தட்டுகிறார் என்று தெரிந்தது. முதலில் கம்பிகள் உயரமாக, நெருக்கமாக இருந்தன. ஒரு வேலி மாதிரி. பிறகு இடைவெளி கூடியது. பிறகு உயரம் குறைந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நாற்காலி கிரீச்சிடும்.

வெளியில் அளக்கும்போது நாய் குரைத்தால் என்ன செய்வோம்? நிற்கும்வரை காத்திருந்து, அந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வோம். அதையேதான் செய்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். நல்ல குடும்பத்துப் பையன், புராஜெக்ட் மும்முரம் என்று நீங்களே எனக்காகப் பேசவும் கூடும். தெரியும். அது டம்ளர் என்று தெரியும், டம்ளரை யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும், எதற்காக என்று தெரியும். ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் அவர் மூச்சு இழுப்பதுகூடப் படத்தில் மெல்லிய புகையாக விழுந்தது. அதையும் பார்த்தேன். நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நின்றது.

அதன் பிறகு வந்ததுதான் பின்னணி அளவு. எண் இறங்கிக்கொண்டே போனது. இந்தப் போனில் அவ்வளவு குறைந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை. திரை முழுக்க ஒரே கருநீலம். புராஜெக்டுக்கு வேண்டிய அளவு கிடைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு கீழே போய்க் கட்டையைச் செருகினேன். மேலே வரும்போதே மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஊம், புஸ். எல்லாம் பழையபடி இருந்ததால், அவர்கள் கதவைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். தோன்றியது. திறக்கவில்லை. தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டேன். ஏரோபிளேன் மோடை எடுத்ததும், நீங்கள் தொடர்பில் இல்லாதபோது இந்த எண்ணிலிருந்து அழைத்தார்கள் என்று குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே எண்.

சாயங்காலம் பானு அக்கா கடையிலிருந்து வந்தார். அவர் போட்ட சத்தத்தை நான் அளக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மனிதத்தன்மை உண்டு.

ரங்கநாயகி அம்மா சுவரோரம் சரிந்து கிடந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் சிலிண்டர் சாவி. அதைப் பார்த்துத்தான் நடுவில் கரண்ட் போயிருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்தது. கீழ்வீட்டுச் சின்னையன், வீட்டுக்காரர், மேலே வந்து என்னைப் பார்த்தார்.

“உங்க போர்ஷன்ல இருந்துச்சாப்பா?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கும்யா. நம்ம லைனு லட்சணம் அது. ஒரு வீடு எரியும், ஒரு வீடு இருட்டா கெடக்கும்.” சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டில் ஒரு ஃபேஸ் போன கதையை ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தலை மட்டும் ஆட்டினேன், எல்லாரும் ஆட்டியதால்.

புராஜெக்டை ஒப்படைத்தேன். தட்டல்கள் இருந்த பகுதியை வெட்டிவிட்டு, இடையூறு நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பு போட்டேன். ஆராய்ச்சியில் எதையும் மறைக்கக் கூடாது. ஸ்தனிஸ்லாஸ் சார் கருநீலப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இதுய்யா அளவு. ஸ்ரீரங்கத்துலயா இவ்வளவு அமைதி?”

“ஆமா சார்.”

“அந்த மோட்டார்க்காரங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

பானு அக்கா வீட்டைக் காலி செய்தார். வையம்பட்டியில் சித்தி வீட்டுக்குப் போகிறார். சாமான்கள் எல்லாம் கீழே வண்டியில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டார். காலி அறையில் அவர் குரல் எதிரொலித்தது.

“போன் விஷயம் நீ சொன்னது சரிடா. பரீட்சை வேல, ஏரோபிளேன் மோடு, புரியுது. அதுக்கு உன்னக் கேக்கல. இங்க வா. இதப் பாரு.”

சுவரைக் காட்டினார். சுண்ணாம்பு பிறை பிறையாகப் பெயர்ந்திருந்தது, டம்ளர் விளிம்பு பட்ட இடமெல்லாம். மேலே ஆழமான பிறைகள். கீழே வர வர லேசான பிறைகள். தரைக்குச் சற்று மேலே வெறும் கீறல்.

“இவ்வளவு தட்டியிருக்குடா. இந்தப் பக்கம் உக்காந்திருக்க நீ.”

நான் பிறைகளை மேலிருந்து கீழாக எண்ணினேன்.

“உன் ரூமுக்குப் போய் உக்காரு. நான் தட்டுறேன். கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லு. எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லேன்னா தூக்கம் வராது.”

போய் உட்கார்ந்தேன். பானு அக்கா அதே டம்ளரால் தட்டினார். விளிம்பு சுவரில் பட்டதும், பட்ட இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்ததும், அவர் மூக்கை உறிஞ்சியதும் தெளிவாகக் கேட்டன. போனை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. என் வாசலில் வந்து நின்றார்.

“கேட்டுச்சா?”

“தட்டுனீங்களாக்கா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கொண்ணும் கேக்கலையே” என்றேன்.

பானு அக்கா வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான்தான்டா கொன்னுருக்கேன். தட்டுனா கேக்குமான்னு ஒருதடவ தட்டிக்கூடப் பாக்காம, சுவத்த நம்பி விட்டுட்டுப் போயிருக்கேன். அது தட்டித் தட்டி...” என்றவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இரு. அது தட்டுன வேகத்துக்கு நான் தட்டல. இன்னொரு தடவ.”

மறுபடியும் போனார். இந்த முறை முழுப் பலத்தோடு தட்டினார். என் பக்கச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. “இப்ப?” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார். அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். காலண்டரைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினேன். அவர் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வந்து நின்றார்.

“எப்பக்கா தட்டுவீங்க?” என்று கேட்டேன்.